புளூஷ் மலைச்சரிவில் கேட்ட எக்காளம்

சுவிற்சர்லாந்துக்குச் சென்று திரும்பினோம் என்றதும் பங்கிலுள்ளோர் அனைவரும் எங்களிடம் கேட்ட முதற் கேள்வி, "பனிமலையில் ஏறினீர்களா?" என்பதே. ஏறினோம், ஆனால், பனி உறையும் உயரத்துக்கல்ல. 2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள், கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் இருந்தவாறே கடந்துசெல்லும் ஒரு சிற்றூருக்குச் சென்றோம். புளூஷ் என்பது அதன் பெயர். அங்கே சென்றதற்குக் காரணம் ஒரு சங்கீதம். அதனை இயற்றியவர் எங்கள் நாட்டவருமல்லர். எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவருமல்லர்.

எங்கள் மூத்த தமையனாரின் மகன் 1985 ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞனாக, அகதியாய் அந்நாட்டில் வந்திறங்கியவன். உணவு விடுதியொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுபவனாகத் தொடங்கி, இன்று அங்கேயே தலைமைச் சமையலாளனாக இருக்கிறான். வலே என்னும் மாநிலத்தில் சியேர் நகரில் அவன் குடும்பம் வசிக்கிறது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக, "சித்தப்பா, சித்தி, ஒருக்கால் வந்து போங்கோ" என்று அழைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் கால்கள் தளர்ந்த பின்னரே புறப்பட்டோம்.

வலே மாநிலம் ரோன் நதியின் நீண்ட பள்ளத்தாக்கு. இரு மருங்கும் மலைத்தொடர்கள் மழையைத் தடுத்துவிடுவதால் அந்நாட்டிலேயே மிக வறண்ட பகுதி அது. ஆதலால், மலைமேலுள்ள பனியாறுகளின் நீரைப் பாறைச்சுவரைக் குடைந்தும் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டும் கொணர்ந்த வாய்க்கால்களை முன்னோர் அமைத்துள்ளனர். அந்த நீரைப் பருகித்தான் சரிவுகளெங்கும் திராட்சைக் கொடிகள் தழைக்கின்றன. குடாநாட்டில் கிணற்றை நம்பித் தோட்டம் செய்தவர்கள் நாங்கள். அந்த வாய்க்கால்களின் ஓரமாய் நின்று நெடுநேரம் பார்த்தோம். மாநிலத்தின் தலைநகருக்குச் சியோன் என்று பெயர். விவிலியத்துச் சியோன் மலையை எண்ணிப் புகையிரதத்தின் சன்னலருகே நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம்! பெயர் ஒற்றுமை மட்டுமே என்று மகன் சிரித்தான். ஆயினும், அது பழம்பெரும் ஆயரகம். அங்கே குன்றின்மேல் உள்ள வலேர் ஆலயத்தில் 15 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர்கன் இன்றும் இசைக்கப்படுகிறது. உலகில் இன்னும் ஒலிக்கும் ஓர்கன்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது என்கிறார்கள்.

வலே மக்கள் பித்தளை வாத்தியப் பிரியர்கள். ஊருக்கு ஊர் வாத்தியக் குழு உண்டு. நற்கருணைத் திருநாளன்று சீருடையோடு பவனியில் வாசித்துச் செல்வதைக் கண்டால், நமது கோயில் திருவிழாவின் பாண்ட் வாத்தியமே நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த எங்கள் பேத்தி, வயலினையும் பியானோவையும் விட்டு, ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. நாங்கள் போனபோது அவளுக்கு இருபது வயது. இசைக் கல்லூரியில் பரீட்சைக்காக ஒரு சொனாட்டாவைப் பயின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வந்த மறுநாளே ஒத்திகைக்கு அழைத்துச் சென்றாள். சிறிய அறை, ஒரு பியானோ, நான்கு நாற்காலிகள்.

சொனாட்டா என்பது ஒரு வாத்தியமோ இரு வாத்தியங்களோ வாசிப்பதற்காகப் பல பகுதிகளாய் எழுதப்படும் இசை. வயலினுக்கும் பியானோவுக்கும் இத்தகையவை நூற்றுக்கணக்கில் உள்ளன. ட்ரம்பெட்டுக்கோ, அந்தோ, மிகச் சிலவே! காரணம் அந்த வாத்தியத்தின் வரலாற்றில் இருக்கிறது. பழங்காலத்து எக்காளம் வெறும் குழாய். உதடுகளின் இறுக்கத்தால் எழக்கூடிய இயற்கைச் சுரங்கள் மட்டுமே அதில் கிடைக்கும். இடையிலுள்ள சுரங்கள் கிடையா. ஆகவே அரசர் வருகைக்கும் போர்க்களத்துக்கும் உரியதாய் இருந்தது. 1796 இல் ஹைடன் என்ற மேதை, துளைகளும் மூடிகளும் பொருத்திய புதுவகை ட்ரம்பெட்டுக்காக ஒரு கச்சேரி இசையை எழுதினார். பின்னர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்வுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்று விரல்களால் அவற்றை அழுத்தினால் குழாயின் நீளம் மாறி எல்லாச் சுரங்களும் வந்துவிடும். ஆயினும் அந்த நூற்றாண்டின் பெரும் இசைஞர்கள் ட்ரம்பெட்டைப் பெரிய வாத்தியக் குழுவின் பின்வரிசையிலேயே இருத்திவிட்டனர். பியானோவோடு சரியாசனமாய் அமர்த்தி அதனைப் பேசவைத்தவர்களுள் முன்னோடியானவர் பவுல் ஹிண்டமித் என்னும் ஜேர்மானியர். 1939 இன் இறுதியில் அவர் எழுதிய சொனாட்டாவைத்தான் பேத்தி வாசித்தாள்.

மூன்று பகுதிகள், ஏறத்தாழக் கால்மணி நேரம். முதற்பகுதிக்கு "வலிமையோடு" என்று குறிப்பு எழுதியிருக்கிறார் ஆசிரியர். ட்ரம்பெட் நெடிய, அகன்ற சுரங்களை நிமிர்ந்து நின்று ஒலிக்க, பியானோ கீழே அலைமோதுகிறது. எங்கள் செவிகளுக்கு முதலில் அது சண்டைபோலத்தான் கேட்டது. இரண்டாம் பகுதி அளவான நடையில் தொடங்கி இடையிடையே துள்ளி ஓடுகிறது. படைவீரர் அணிவகுப்பை யாரோ கேலி செய்வதுபோல எங்களுக்குத் தோன்றியது. மூன்றாவதுக்குத் தலைப்பு "துக்க இசை". சவ ஊர்வலத்தின் நடை. மிகமிக மெதுவாகச் செல்கிறது. அதன் முடிவில் ட்ரம்பெட் ஒரு பழைய ஞானப்பாட்டின் இராகத்தை வரிவரியாக இசைக்கிறது. ஒரு வரி முடிந்ததும் ட்ரம்பெட் ஓய, பியானோ மட்டும் தொடர்கிறது. பிறகு அடுத்த வரி. அந்தப் பாடல் 1652 இல் அல்பினுஸ் என்ற லூத்தரன் போதகர் எழுதியது; "மானிடர் யாவரும் மரிக்க வேண்டும்" என்று அதன் பெயர். அந்தப் பெயரை மட்டும் சுரங்களின் மேல் எழுதியிருக்கிறார் ஹிண்டமித். பாடுவதற்கு எவருமில்லை. பாட்டை அறிந்தவன் தன் நெஞ்சுக்குள் பாடிக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்பப்பா, கடைசிப் பகுதிதான் கஷ்டம். சுரம் கொஞ்சம். ஆனா மூச்சு நிறைய வேணும்" என்றாள் பேத்தி, தன் அரைகுறைத் தமிழில். மூச்சு முட்டுவதால் அவள் அந்தப் பகுதியை விரைவாய் முடித்துவிடுகிறாளாம்.

யார் இந்த ஹிண்டமித்? 1895 நவம்பர் 16 ஆம் நாள் ஹானவ் நகரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். தந்தை முதலாம் உலகப் போரில் 1915 இல் போர்க்களத்தில் மாண்டார். மகனும் பின்னர் படைக்கு அழைக்கப்பட்டு, 1918 இல் படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடித்தார்! இதைப் பேத்தி சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தமையனாரும் பங்கின் பாண்ட் குழுவில் பெரிய மேளந்தான். ஊரில் எந்தச் செத்தவீடானாலும் அந்த மேளத்தின் ஓசை முன்னே போகும். அவர் பின்னே போவார். அவ்வளவு மெலிந்த மனிதர்; அவ்வளவு பெரிய மேளம்.

ஹிண்டமித் பல வாத்தியங்களைக் கையாளத் தெரிந்தவர். வியோலா வாசிப்பதில் தலைசிறந்தவர். 1927 இல் பேர்ளின் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். மனைவி கெர்த்ரூதின் தந்தை யூத வம்சத்தவர். ஹிண்டமித்தோடு இசைமூவராய் வாசித்த தோழர்களும் யூதர்கள். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின்னும் அவர்களைக் கைவிடவில்லை. 1934 நவம்பரில் இசைக்குழுத் தலைவர் ஃபுர்ட்வெங்லர் அவருக்காகப் பத்திரிகையில் வாதாடினார். அடுத்த மாதமே கோயபல்ஸ் பெருங்கூட்டமொன்றில் ஹிண்டமித்தை இழித்துரைத்தான். 1936 இல் அவருடைய இசையை வாசிப்பதே தடைசெய்யப்பட்டது. 1938 மே மாதத்தில் டியுசெல்டோர்ஃப் நகரில் "சீர்கெட்ட இசை" என்று நாசிகள் நடத்திய கண்காட்சியில் அவர் பெயரும் இருந்தது. அதே மாதத்தில், ஐசன்ஹைம் பலிபீட ஓவியங்களைத் தீட்டிய ஓவியரைப் பற்றி அவர் எழுதிய இசைநாடகம் ஜேர்மனியில் மேடையேற முடியாமல், சூரிச் நகரில் அரங்கேறியது. அந்த இலையுதிர் காலத்தில் கணவனும் மனைவியும் பேர்ளினை விட்டு, இந்த வலே மலைச்சரிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஹிண்டமித் உடனே வெளியேறியவரல்லர். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். ஆட்சியாளரோடு எப்படியாவது இணங்கிப்போகலாம் என்று நம்பினார். 1936 இல் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணமும் செய்துகொடுத்தார். பிறகே, 1937 இல், பதவியை விட்டார். இதைக் குறித்து அவரைப் பழிப்போர் உளர். நாங்கள் பழிக்கத் துணியமாட்டோம். வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு, "இரண்டு கிழமையில் வந்துவிடலாம்" என்று புறப்பட்டவர்களை எங்கள் ஊரில் நாங்கள் அறிவோம். ஆனால், அந்தப் பிரமாணத்தைச் சரியென்றும் சொல்லமாட்டோம்.

மறு சனிக்கிழமை நால்வருமாகப் புறப்பட்டோம். சியேர் நகரிலிருந்து மொந்தானாவுக்குக் கம்பி இழுக்கும் மலைவண்டி ஒன்று போகிறது. 1911 இல் தொடங்கிய பாதை. 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வண்டியின் ஆசனங்கள் படிக்கட்டுப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. திராட்சைத் தோட்டம் கீழே விழ, பைன் மரங்கள் மேலே வர, காது அடைக்க, ஏறத்தாழக் கால்மணியில் 900 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டோம். மொந்தானா ஒருகாலத்தில் காசநோயாளருக்கான வைத்திய விடுதிகள் நிறைந்த இடம். இன்று செல்வந்தரின் விளையாட்டு ஊர். கடைகளின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பித் தண்ணியும் குடிக்காமல் நடந்தோம்.

அங்கிருந்து புளூஷ் வரை இறக்கமான பாதை. தெற்கே பள்ளத்தாக்கின் அக்கரையில் வெண்பனி மூடிய சிகரங்கள் வரிசையாய் நின்றன. அவற்றுள் வைஸ்ஹோர்ன் 4,500 மீட்டரையும் தாண்டியது. மஞ்சளித்த லார்ச் மரங்களின் ஊடாக அவற்றைப் பார்த்தவண்ணம் நடந்தபோது, எங்கள் முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று. புளூஷில் இப்போது பெரிதாய்த் தெரிவது லே றொஷ் என்னும் ஹோட்டல் முகாமைத்துவக் கல்லூரி. பல தேசத்து மாணவர்கள் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வீதியில் சென்றார்கள். ஹிண்டமித் வாழ்ந்த வீட்டைத் தேடி நாங்கள் அலையவில்லை. அவர் பார்த்த மலையைப் பார்த்தால் போதும் என்று ஒரு வாங்கில் அமர்ந்தோம்.

இந்தச் சரிவில் அவர் ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாகவே வாழ்ந்தார். ஆனால், எத்தனை எழுதினார்! 1939 இல் மட்டும் வயலின், வியோலா, கிளாரினெட், ஹார்ப், ஹோர்ன், ட்ரம்பெட் ஆகியவற்றுக்குச் சொனாட்டாக்கள். வாத்தியக் குழுவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்று என்று தீர்மானித்து, 1936 இல் புல்லாங்குழலில் ஆரம்பித்து, 1955 இல் டியூபாவோடு முடித்தார். காற்றுவாத்தியக்காரருக்கு உருப்படியான இசை இல்லையே என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இது எங்களுக்குப் பிடித்திருந்தது. நாடிழந்த மனிதன் மலையில் அமர்ந்து, யாரும் கவனியாத வாத்தியக்காரர்களுக்கு வேலை தேடிக் கொடுத்திருக்கிறான். அவ்வாண்டிலேயே வலே மாநிலப் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ரில்கேயின் பிரெஞ்சுக் கவிதைகள் ஆறுக்கு இசையமைத்தார். கவிஞர் ரில்கே தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த மூசோ மாளிகை சியேர் நகருக்கு அருகிலேயே இருக்கிறது. அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே, தேவமாதாவின் வாழ்வைப் பற்றி ரில்கே எழுதிய கவிதைகளை 15 பாடல்களாக ஹிண்டமித் இசைத்திருந்தார்.

1939 செப்டெம்பர் முதலாம் நாள் போர் மூண்டது. இலையுதிர் காலத்தின் இறுதியில் ட்ரம்பெட் சொனாட்டாவை எழுதி முடித்தார். தாம் அண்மையில் எழுதியவற்றுள் இதுவே மிக நன்றாய் வாய்த்தது என்னும் கருத்துப்படத் தம் பதிப்பாளருக்கு அறிவித்தார். துக்க இசை எழுதுவது அவருக்குப் புதிதன்று. 1936 சனவரியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தபோது லண்டனில் இருந்த ஹிண்டமித், ஆறே மணி நேரத்தில் ஒரு துக்க இசையை எழுதி வானொலியில் தாமே வியோலாவில் வாசித்தார். அதுவும் ஒரு ஞானப்பாட்டோடு முடிகிறது. அங்கே இறந்தவர் யார் என்பது உலகுக்கெல்லாம் தெரியும். இந்தச் சொனாட்டாவிலோ, துக்க இசை என்னும் தலைப்பின்கீழ் யாருடைய பெயரும் இல்லை. தந்தையையா, தோழரையா, ஜேர்மனியையா, இனி மாளப்போகிறவரையா, யாரை நினைத்து எழுதினார்? எல்லாரையும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அப்பாட்டின் பெயரும் அதைத்தானே சொல்கிறது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். மகன் மட்டும் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்தின் பின் மலையைப் பார்த்தபடியே கேட்டான்: "சித்தப்பா, அப்பாவின்ரை செத்தவீட்டுக்குப் பாண்ட் வந்ததோ?"

தமையனார் இறந்தது 1990 ஆம் ஆண்டின் பிற்பகுதியில். போர் மறுபடி தொடங்கிப் பாதைகள் அடைபட்டிருந்த காலம். தொலைபேசி இல்லை. கொழும்பு வழியாக எங்கள் கடிதம் அவன் கையில் சேர்ந்தபோது ஐந்து வாரம் கடந்திருந்தது. அவனிடம் அப்போது பயணப் பத்திரமும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தகப்பனைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறான். இந்தக் கேள்வியை மட்டும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். "வந்தது ராசா" என்றால் அவன் மனம் ஆறுமே! ஆனால், அந்த இடத்தில் பொய் வரவில்லை.

"இல்லை ராசா. மூண்டு நாளாய் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பாண்டுப் பொடியள் எல்லாம் இடம்பெயர்ந்து போட்டினம். சாமியாரும் நாங்கள் பத்துப் பேரும் விடியவெள்ளன சேமக்காலைக்குக் கொண்டு போனம். மேளம் வீட்டுத் திண்ணையிலைதான் இருந்தது" என்றோம்.

அவன் தலையை அசைத்தான். பேத்திக்கு எங்கள் பேச்சு முழுதும் விளங்கவில்லை. தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவன் பிரெஞ்சிலேயே விடை சொன்னான். நீண்ட நேரம் சொன்னான். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "தம்பூர்" என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. மேளத்துக்கு அவர்கள் மொழியில் அந்தச் சொல்லாம். அவள் எழுந்து வந்து தகப்பனுக்கும் எங்களுக்கும் நடுவில் இடம்பிடித்து அமர்ந்துகொண்டாள். கீழே போகும் பேருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

ஹிண்டமித் 1940 பெப்ரவரியில் அமெரிக்கா சென்றார். மனைவி அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அவரை வந்தடைய முடிந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1946 இல் அந்நாட்டுக் குடிமகனானார். ஆயினும் வாழ்வின் மாலையில் மீண்டும் சுவிற்சர்லாந்துக்கே வந்து, 1953 முதல் ஜெனீவா ஏரியின் மேலுள்ள புளோனே என்ற ஊரில் வசித்தார். தாய்நாட்டில் நிரந்தரமாய்க் குடியேறவில்லை. அவருடைய கடைசிப் படைப்பு, நம் வாசகர்கள் அறிய வேண்டியது, இலத்தீன் திருப்பலிப் பூசைக்கான இசை. வாத்தியம் ஏதுமின்றி மனிதக் குரல்களுக்கென்றே எழுதப்பட்ட அதனை, 1963 நவம்பர் 12 ஆம் நாள் வியன்னாவின் பியாரிஸ்ட் துறவியர் ஆலயத்தில் அவரே நெறிப்படுத்தினார். ஏழு வாரம் நிறைவதற்குள், டிசெம்பர் 28 ஆம் நாள், பிராங்பேர்ட் நகரில் இறந்தார். புளோனேக்கு அருகிலுள்ள லா ஷியேசா சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கேயும் போக விரும்பினோம். நாள் போதவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த மாதம் பேத்தியின் பரீட்சை முடிந்தது. ஒலிப்பதிவை மகன் அனுப்பியிருந்தான். கோயிலிலிருந்து வந்து, வெற்றிலைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டோம். முதலிரண்டு பகுதிகளும் நாங்கள் முன்பு கேட்டதுபோலவே இருந்தன. துக்க இசையை மட்டும், சியேர் நகரில் வாசித்ததைவிட மிகமிக மெதுவாக வாசித்திருந்தாள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கு முன்னும் அவள் மூச்சை இழுக்கும் ஓசை பதிவில் தெளிவாய்க் கேட்கிறது. வேகம் குறைந்துவிட்டது என்று பரீட்சகர் ஒருவர் புள்ளி குறைத்தாராம்.